மூன்றாண்டு தாங்கும் கல்

நிச்சயதார்த்தம் முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. திருமணம் மட்டும் நடக்கவில்லை. முதலில் மாப்பிள்ளையின் தாயாருக்கு அறுவை சிகிச்சை, பிறகு வீட்டுக்கு மேல்தளம், பிறகு வேலை மாற்றம் என்று ஒவ்வொரு காரணமும் முறை தவறாமல் வந்து சேர்ந்தது. இதற்குள் மோதிரத்தில் இருந்த கல் மங்கிப்போயிற்று.

அது வைரமன்று, வைரம்போல் மின்னும் விலை குறைந்த செயற்கைக் கல்லான ஸிர்கோனியா. ஓராண்டுக்குள் திருமணம், அப்போது நல்ல கல்லாக மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சின்மேல் பதித்தது. மணப்பெண்ணாக வேண்டியவளோ செயற்கைப் பற்கள் செய்யும் கூடமொன்றில் வேலை பார்த்தாள். மெருகுத் தூளில் நாள்தோறும் புழங்கிய கையில் அந்தக் கல் இத்தனை காலம் தாக்குப்பிடித்ததே பெரிது.

கல்லை மாற்றித் தருவதாக மாப்பிள்ளை தாமாகவே சொன்னார். கேளாமல் எதையும் செய்பவர் அல்லர் அவர். ஆகவே தேதி குறித்துவிட்டார்கள் என்றே அவள் முடிவு செய்தாள். பிற்பகலுக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நகைக்கடைக்கு வந்தாள். அவரும் அவருடைய அக்காவும் முன்னதாகவே வந்து அமர்ந்திருந்தார்கள்.

"வாம்மா பல் டாக்டரே! உனக்காகத்தான் இவங்க எல்லாத்தையும் பரப்பி வெச்சிருக்காங்க. என் கண்ணுக்கு எல்லாமே உப்புக்கல்லு," என்றார் அக்கா.

கடைக்காரி கறுப்புத் துணியின்மேல் நான்கு கற்களை வரிசையாக வைத்திருந்தாள். மணப்பெண் குனிந்து பார்த்தாள். பற்களின் நிறத்துக்காகப் பதினாறு வெள்ளைகளைப் பிரித்தறிந்து பழகிய கண் அவளுடையது.

"முதல் கல் என் கையில இருக்கறதேதான். ரெண்டாவது பால்ல தண்ணி விட்ட மாதிரி இருக்கு. மூணாவது கொஞ்சம் அசைச்சாலே கலர் கலரா அடிக்குது. கடைசியா இருக்கறது வைரமா?"

"அடேயப்பா! மேடம், பேசாம எங்க கடைக்கு வேலைக்கு வந்துடுங்க," என்று கடைக்காரி சிரித்தாள். "பால் மாதிரின்னீங்களே, அது வெள்ளைப் புஷ்பராகம். கலர் அடிக்கிறது மாய்சனைட்டுங்கற செயற்கைக் கல்லு. கடைசி, லேபுல வளர்த்த வைரம். மண்ணுல கிடைக்கிற வைரத்துக்கும் இதுக்கும் கண்ணால வித்தியாசம் காண முடியாது."

"இதுல எது கீறல் விழாம ரொம்ப நாள் இருக்கும்?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"வைரம்தான் சார். அடுத்தது மாய்சனைட். புஷ்பராகமும் கெட்டிதான், ஆனா கை அழுக்கு பட்டா டல்லாயிடும். கழுவிக்கிட்டே இருக்கணும்."

"மாய்சனைட்டே போதும் தம்பி," என்றார் அக்கா. "வைரத்தைப் போட்டுக்கிட்டு ஊரான் பல்லைத் தேய்க்கவா போறா?"

அவளும் சேர்ந்து சிரித்தாள். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் சிரித்திருப்பாள்.

கடைக்காரி சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினாள். "கல்யாணம் என்னைக்கு மேடம்? ரெண்டு மூணு மாசத்துலன்னா ஸிர்கோனியாவையே புதுசா வெச்சுக்கிட்டு, கல்யாணத்துக்கு வைரமா எடுத்துக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க."

எல்லா வாடிக்கையாளரிடமும் கேட்கும் கேள்விதான். மாப்பிள்ளை கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பதில் அக்காவிடமிருந்து வந்தது.

"ரெண்டு மாசமா! இவன் வெளிநாட்டு வேலைக்குப் போய் ஒப்பந்தம் முடிஞ்சு திரும்பவே மூணு வருஷம் ஆகும். அதுக்குத்தானே கெட்டியான கல்லாக் கேக்கறான்." பிறகுதான் அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "என்னடா, இன்னும் சொல்லலையா நீ?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்பக் கையெழுத்துப் போட்டீங்க?" என்று அவள் கேட்டாள்.

"போன மாசம். மூணே வருஷம்தானே, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்."

"கல்யாணம் பண்ணிட்டுப் போகலாமே."

"அங்க குடும்பத்தோட தங்க விடமாட்டாங்க. கட்டிக்கிட்டு உன்னை இங்க தனியா விட்டுட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

"இப்ப மட்டும் கூடவா கூட்டிட்டுப் போறீங்க?"

"கடையில வெச்சு முகத்தைத் தூக்காதம்மா," என்றார் அக்கா. "நீ வேண்டாம்னா, மெனக்கெட்டு எதுக்குப் புதுக் கல்லு வாங்கித் தரான்?"

திருமணத்துக்கு முன்னேற்பாடு என்று அவள் எண்ணி வந்த கல், திருமணத்துக்குப் பதிலாகத் தரப்படுவது. அவளுக்கு வயது முப்பத்தைந்து.

அவள் மோதிரத்தைக் கழற்ற முயன்றாள். அது கணுவைத் தாண்டவில்லை. கடைக்காரி சோப்புத் தண்ணீர் கொண்டுவந்து தடவித் திருகிப் பார்த்தாள். விரல் சிவந்ததே தவிர மோதிரம் அசையவில்லை.

"வெட்டித்தான் எடுக்கணும் மேடம். வலிக்காது. பத்த வெச்சுப் புதுக் கல்லையும் பதிச்சா, வெட்டின இடமே தெரியாது."

"வெட்டுங்க அப்ப."

விரலுக்கும் மோதிரத்துக்கும் இடையே மெல்லிய தகடொன்றைச் செருகி, சிறு பற்சக்கரத்தைத் திருகினாள் கடைக்காரி. பொன்துகள் கறுப்புத் துணியில் உதிர்ந்தது. வளையத்தை இடுக்கியால் விரித்து எடுத்தபோது, ஆறு ஆண்டுகளாக வெயில் காணாத பட்டையொன்று விரலில் வெளிறித் தெரிந்தது.

கடைக்காரி அளவு வளையங்களின் கொத்தை எடுத்தாள். "கையைக் கொடுங்க மேடம். புது அளவு பாத்துடலாம்."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அளவு வேண்டாம். மோதிரத்தை அவர்கிட்டயே கொடுத்துடுங்க."

மாப்பிள்ளை "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் கையை நீட்டியிருப்பாள். கோபித்துக்கொண்டிருந்தாலும் நீட்டியிருப்பாள்; இன்னும் மூன்றாண்டு காத்திருக்கவும் இசைந்திருப்பாள். தன்னைப் பற்றி அவ்வளவும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. கடைக்காரி தயங்கினாள், பின்பு நான்கு கற்களையும் ஒவ்வொன்றாக அதனதன் டப்பியில் இட்டு மூடினாள். அக்கா தம்பியைப் பார்த்தார். கடைசி மூடி மூடப்படும்வரை அவள் எழுந்திருக்கவில்லை.

மாப்பிள்ளை மூச்சை மெல்ல வெளியே விட்டார். அவருடைய தோள்கள் தளர்ந்து இறங்கியதை அவள் பார்த்தாள்.

"சின்னதா ஒரு கவர் இருந்தாக் கொடுங்க," என்றார் அவர், கடைக்காரியிடம்.