வாசலில் கை பார்த்தார்கள்

பெரியம்மை பரவியதால் மூன்று மாதம் பூட்டிக் கிடந்த சாந்தோம் கோயில் பள்ளிக்கூடம் ஜூலையில் ஒரு திங்கட்கிழமை திறந்தது. பிள்ளைகள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றார்கள். கையில் அம்மை குத்திய, அதாவது தடுப்பூசி போட்ட, தழும்பு உள்ளவர்களை மட்டும் சேர்க்க வேண்டும் என்று உத்தரவு. தலைமையாசிரியர் பிரகாசம் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கையாகப் பார்த்தார்.

மூன்றாம் வகுப்பு ஆசிரியை மர்சலினின் கையை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தழும்பு இல்லாதது தெரிந்திருக்கும். குத்திக்கொள்ளாததால்தான் ஏப்ரலில் அவளுக்கு அம்மை கண்டது. கன்னத்து வடுக்கள் இன்னும் கறுப்பாக இருந்தன.

அவள் படுத்த அன்றே அண்ணன் குடும்பம் செங்கல்பட்டுக்குப் போய்விட்டது. பின்கட்டு வழியாக வந்து கஞ்சி கொடுத்தவள் குல்சும், தொப்பி தைத்துப் பிழைப்பவள். அவளுக்குச் சிறு வயதிலேயே அம்மை வந்து போயிருந்தது. மகள் ஜமீலுன்னிசாவுக்குப் போன வருஷம். மறுபடி வராது என்ற தைரியத்தில் இரண்டு பேருமாக அந்தத் தெருவில் ஆறு வீடுகளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்கள்.

"இதெல்லாம் முடிஞ்சா ஜனங்க வேற மாதிரி ஆயிடுவாங்க குல்சும். பள்ளிக்கூடம் தொறந்ததும் உன் பொண்ணை நானே சேர்த்துக்கிறேன்" என்று ஜுரத்தில் மர்சலின் சொன்னாள்.

"ஆவட்டும் டீச்சரம்மா. மொதல்ல இந்தக் கஞ்சிய குடிங்க."

மர்சலின் ஜுரப் பேச்சாக அதை விடவில்லை. சனிக்கிழமையே வருகைப் பதிவேட்டில் கடைசிப் பெயராக ஜமீலுன்னிசாவை எழுதிவிட்டாள். அதே பதிவேட்டில் அம்மையில் இறந்துபோன ஏழு பிள்ளைகளின் பெயர்களைச் சிவப்பு மையால் அடிக்க வேண்டியிருந்தது.

வரிசை நகர்ந்தது. ஜமீலுன்னிசா கையை நீட்டினாள். வழவழவென்று இருந்தது.

"தழும்பு இல்லையே" என்றார் பிரகாசம்.

"அம்மை குத்துறவரு வந்தாரு சார்" என்றாள் குல்சும். "அம்மை போட்ட ஒடம்புக்கு இன்னாத்துக்குன்னுட்டு பொட்டிய மூடிக்கினு பூட்டாரு. மூஞ்சியப் பாருங்க, தெரியலியா?"

"மூஞ்சி பூரா முத்திரை குத்தியிருக்குது, கையில வேற கேக்குறாரு" என்றார் பின்னால் நின்ற காஸ்பர். இரண்டு பேர் சிரித்தார்கள். காஸ்பர் வீட்டுக்கும் குல்சும் தண்ணீர் எடுத்திருந்தாள். அவர் தன் மகளைத் தோளைப் பிடித்து ஓரடி பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உத்தரவுல கைன்னுதான் போட்டிருக்கும்மா. நான் என்ன பண்றது?"

பதிவேட்டோடு வாசலருகே நின்ற மர்சலினைக் குல்சும் பார்த்தாள். "டீச்சரம்மா கையப் பாத்தீங்களா சார்?"

பிரகாசம் அதைக் காதில் வாங்காதவர்போல, "மணி அடிச்சாச்சு, வகுப்புக்குப் போங்க டீச்சர்" என்றார். சட்டைக் கையைச் சுருட்டிக் காட்ட ஒரு நிமிஷம் போதும். மர்சலின் பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தபோது தாயும் மகளும் மணல் ரோட்டில் மீர்சாகிப்பேட்டைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

வகுப்பில் பெயர் கூப்பிட்டாள். கடைசிப் பெயருக்குப் பதில் வரவில்லை. தொடர்ந்து பத்து நாள் வராத பிள்ளையின் பெயரை எடுத்துவிடுவது அங்கே வழக்கம். மர்சலின் 'வந்தாள்' என்று குறித்தாள். செவ்வாயும் அப்படியே குறித்தாள். அந்தப் பெண்ணுக்குச் சிறப்பு அனுமதி கேட்டு ஆகஸ்டில் ஒருமுறையும் அக்டோபரில் ஒருமுறையும் பிரகாசத்திடம் போனாள். இரண்டு தடவையும் பெயரைக்கூடக் கேட்காமல் "பார்க்கலாம்" என்றார். குல்சும் வீட்டுக்கு மட்டும் அவள் போகவில்லை.

கிறிஸ்மஸ் விடுமுறைக்கு முந்தின நாள், ஒரு நாளும் தவறாமல் வந்த பிள்ளைகளுக்குப் பென்சில் கொடுப்பார்கள். குமாஸ்தா பதிவேடுகளைப் பார்த்துப் பட்டியல் எழுதியிருந்தார். பிரகாசம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். மூன்றாம் வகுப்பில் ஒரே ஒரு பெயர் இருந்தது.

"ஜமீலுன்னிசா."

யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் பென்சிலை நீட்டியபடி இன்னொரு முறை கூப்பிட்டார்.

"யாரும்மா அது? மர்சலின் டீச்சர், உங்க வகுப்புத்தானே?"

மர்சலின் எழுந்தாள். பெற்றோர்களின் முதல் வரிசையில் காஸ்பர் உட்கார்ந்திருந்தார்.

"வாசல்ல கை பார்த்து அனுப்பினீங்களே சார், அந்தப் பொண்ணு. தினமும் வந்ததா நான்தான் போட்டேன். என் கையிலயும் தழும்பு இல்ல."

பிரகாசம் பட்டியலைப் பார்த்தார். பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு நான்காம் வகுப்பு வாசிக்கத் தொடங்கினார்.