பின்பக்கக் குளியலறை

பிழை திருத்துவது என் தொழில். எங்கள் குரிச்சிபா நகரில் அச்சாகும் பள்ளிப் புத்தகங்களில் பாதி என் கண்ணில் பட்ட பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் போகும். இருபது வருடமாக அடுத்தவன் தப்பைக் கண்டுபிடித்தே வயிறு வளர்த்தவன் நான். அந்தத் திமிர்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

ஜூன் மாதம், எங்கள் ஊரில் குளிர்காலம் தொடங்கும் நேரத்தில், என் மனைவி மாரில்டாவின் தம்பி ஜெனேசியோ, மர ஆலையில் வேலை போய், பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். சமையலறைக்குப் பின்னால் இரண்டு சின்ன அறைகள். ஒன்றை அவனுக்குக் கொடுத்தோம்; மற்றது நான் வேலை செய்யும் அறை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குளியலறை. அதையும் அவனுக்கே விட்டுவிட்டோம். அவன் வந்த நாலாம் நாள் என் கம்ப்யூட்டர் குணத்தைக் காட்டியது. வேலை செய்துகொண்டிருக்கும்போதே பட்டென்று அணையும். கொஞ்ச நேரத்தில் தானாகவே எழும். சேமிக்காத பக்கங்கள் போன இடம் தெரியாது.

நானே வைத்தியம் பார்த்தேன். மூடியைத் திறந்து தூசு தட்டினேன். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். பவர் சப்ளையைப் புதிதாக வாங்கிப் போட்டேன். விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினேன். அது பாட்டுக்கு அணைந்து எழுந்துகொண்டிருந்தது. மிஞ்சியது ஜெனேசியோதான். நான் வெளியே போனால் வேலை தேடுகிறேன் என்று அதன் முன்னால் உட்காருவான்.

ஒரு சாயங்காலம் கதவருகே வந்து நின்றான்.

"மச்சான், ஒண்ணு சொல்லட்டுமா? நான் குளிக்கப் போறப்பதான் இது அணையுதுன்னு தோணுது."

"நீ குளிக்கறது அதுக்கு எப்படிப்பா தெரியும்? வெக்கப்பட்டுக் கண்ண மூடிக்குதா?"

அவனும் சிரித்தான். "இல்ல மச்சான், ஒயருல ஏதாச்சும்..."

"இது மரம் அறுக்கற மிஷின் இல்ல. கண்ட கண்ட படத்த இறக்காம இருந்தாலே சரியாயிடும்."

அதோடு விட்டேனா என்றால் அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது, என் அண்ணன் குடும்பமும் மேசையில் இருக்க, குரலை உயர்த்தினேன்.

"கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்ட் போட்டுட்டேன். இந்த வீட்டு வைரஸ் இனிமே என்ன பண்ணுதுன்னு பாப்போம்."

எல்லோரும் ஜெனேசியோவைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் சிரித்தான். ஜெனேசியோ வேகவைத்த பைன் கொட்டைகளை உரித்துக்கொண்டே இருந்தான். ஒன்றையும் வாயில் போடவில்லை.

அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ஒருமுறைகூட அணையவில்லை. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். மூன்று வாரம் கழித்து, சந்தைப் பக்கம் விடுதியில் இடம் கிடைத்துவிட்டது என்று ஜெனேசியோ பெட்டியைக் கட்டினான். நான் ஒப்புக்குக்கூட இரு என்று சொல்லவில்லை. மாரில்டா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினாள்.

ஆகஸ்டில் ஒரு காலை, முன்பக்கக் குளியலறையில் மாரில்டா இருந்ததால் பின்னால் போனேன். வேலை பாதியில் நின்றதால் கம்ப்யூட்டரை அணைக்கவில்லை. தண்ணீரைத் தானே சூடாக்கும் மின்சார ஷவரின் திருகு 'அணை' என்ற இடத்தில் இருந்தது. வெந்நீர் வரும் 'குளிர்காலம்' என்ற இடத்துக்குத் திருப்பிக் குழாயைத் திறந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் அணைந்து எழும் சத்தம் கேட்டது. எழுந்து முடியட்டும் என்று குழாயை மூடிக் காத்திருந்துவிட்டு மறுபடி திறந்தேன். மறுபடி அதே சத்தம்.

போன வருடம் என் அறையில் ஒரு பிளக் தேவைப்பட்டது. எலக்ட்ரீஷியன் எதற்கு, நமக்குத் தெரியாததா என்று, ஷவருக்குப் போகும் ஒயரிலிருந்தே ஒரு கிளையை இழுத்து மாட்டியது நான்தான். ஷவர் சூடானால் மின்சாரத்தை அதுவே இழுத்துக்கொள்ளும்; கம்ப்யூட்டருக்கு மிஞ்சாது.

அப்புறம்தான் மற்றது உறைத்தது. ஜூலையில் அந்த மூன்று வாரமும், புல் மேல் உறைபனி படிந்த காலைகளில், ஜெனேசியோ பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறான். உதடு நீலம் பாய்ந்து, காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "நேத்து ஊத்திக்கிட்டது இன்னும் இறங்கலையா" என்று அவனைக் கேட்ட வாய் இது. அம்மணமாக நின்ற எனக்கு என்னைப் பார்க்கவே கூசியது.

சனிக்கிழமை மன்னிப்புக் கேட்கப் போனேன். என்ன சொல்வது என்பதைப் பேருந்தில் வழிநெடுகத் திருத்திக்கொண்டே போனேன். விடுதிக் கூடத்தில் நாலைந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஜெனேசியோ எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

"இவர்தான் எங்க மச்சான். சொன்னேன்ல, இவர் பாத்தாதான் புத்தகமே அச்சுக்குப் போகும். கம்ப்யூட்டர்னா இவருக்குத் தண்ணி பட்ட பாடு."

ஒரு பெரியவர் தன் மகளின் கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவாக ஓடுவதாகச் சொன்னார். நான் வைத்தியம் சொன்னேன். அங்கே உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டு சொன்னேன். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். கொண்டுபோன மன்னிப்பு தொண்டையைத் தாண்டவில்லை.

நிறுத்தம் வரை கூடவே வந்தான். தெருக்கோடியில் பேருந்து தெரிந்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"மச்சான், அந்த ஷவர் ஒயர மாத்திட்டீங்களா?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஞாயித்துக்கெழமச் சாப்பாட்டுக்கப்புறம் ஷவர் ஒயரோட மூடியக் கழட்டிப் பாத்தேன். ஒட்டு போட்ட எடம் கருகிக் கெடந்துச்சு. சுடுதண்ணி ஓடினா வீடே பத்திக்கும்னு பயம். அதான் அணைச்சு வெச்சேன். போறப்ப சொல்லணும்னுதான் நெனச்சேன், வாய் வரல."

"உங்க அக்காகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"அந்த பிளக்கு நீங்களே போட்டதுன்னு அக்கா எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லும். அத ஏன் கெடுக்கணும்?"

பேருந்து வந்து நின்றது. ஏறி உட்கார்ந்தேன். அது நகர்ந்து, அவன் கையசைத்துக்கொண்டே பின்னால் போன பிறகுதான் எனக்குக் குரல் வந்தது.

"மன்னிச்சிடு."

பக்கத்து இருக்கைப் பெண் திரும்பிப் பார்த்தாள். "என்கிட்டயா சொன்னீங்க?"