லெனின்கிராட்டுக்குப் போன கடிதங்கள்

மெல்பேர்னில் அந்தத் தேவாலயத்துக்குப் போய்வந்த ஒரே தமிழ்க் குடும்பம் ரஞ்சினியுடையது. கணவர் அரியரத்தினத்தோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம்தான். கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்து, வாய்க்குள்ளேயே பாடிவிட்டு வீடு திரும்புவாள்.

யூதர்கள் தங்கள் முன்னோரின் தேசத்துக்குத் திரும்ப வேண்டுமென்று அந்தச் சபை ஞாயிறுதோறும் ஜெபித்தது. ரஞ்சினியும் ஆமென் சொன்னாள். 1974இல் ஒருநாள், அவள் தட்டெழுத்தாளராக வேலைசெய்த அலுவலகத்தில், பக்கத்து மேசை லியா அழுதுகொண்டிருந்தாள். லியா யூதப் பெண். லெனின்கிராட்டிலிருந்த அவளுடைய அண்ணன் போரிஸ், இஸ்ரேலுக்குப் போக விண்ணப்பித்திருந்தான். சோவியத் அதிகாரிகள் அனுமதியை மறுத்ததோடு வேலையையும் பறித்துவிட்டார்கள்.

"வெளிநாட்டுக் கடிதங்கள் குவிந்தால் கொஞ்சம் யோசிப்பார்கள்" என்றாள் லியா.

அன்று மாலை ரஞ்சினி கணவரிடம் சொன்னாள்: "ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில எழும்பிக் கதைக்கப்போறன்."

"உமக்கேன் உந்த வேலை? எங்களுக்கே இன்னும் சிற்றிசன்சிப் இல்லை."

"கிழமைக்குக் கிழமை ஜெபிக்கிறம். ஒரு கடிதம் எழுதக் கை வராதோ?"

ஞாயிறு காலை அவளுடைய நீலச் சேலையை அரியரத்தினமே அயர்ன் பண்ணி வைத்திருந்தார்.

போதகர் ஐந்து நிமிடம் கொடுத்தார். எழுந்து நின்று போரிஸின் கதையைச் சொல்லி, லெனின்கிராட் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதக் கேட்டாள். சபை மூப்பர் ஒருவர் குறுக்கிட்டார். "யூதர்கள் திரும்புவது கர்த்தரின் வருகைக்கு அடையாளம். அவர் தம் வேளையில் செய்வார். நமக்கு ஏன் அரசியல்?"

"ஐயா, போரிஸ் அடையாளம் இல்லை. மனிதர். தன் தேசத்துக்குப் போக விடுங்கள் என்று கேட்கிறார்." அவள் சபையின் பக்கம் திரும்பினாள். "அடுத்த ஞாயிறு தட்டெழுத்துப் பொறியோடு வருவேன். நீங்கள் சொல்லுங்கள், நான் அடிக்கிறேன்."

சொன்னபடி வந்தாள். ஆராதனை முடிந்தும் யாரும் கிட்ட வரவில்லை. கடைசியில் அதே மூப்பர் ஒரு கதிரையை இழுத்து அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"என் பெயரில் எழுத்துப் பிழை வரக்கூடாது, அம்மா."

அவருக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது.

பதினான்கு மாதம் எழுதினார்கள். ஒரு பதிலும் வரவில்லை. ரஞ்சினி ஒரு ஞாயிறுகூட விடவில்லை. பிறகொரு காலை லியா அலுவலகத்துக்குள் ஓடிவந்து ஒரு தந்தியை அவள் கையில் திணித்தாள். போரிஸ் ஹைஃபா வந்து சேர்ந்துவிட்டான்.

"உங்கள் கடிதங்கள்தான் அவனை விடுவித்தனவோ, தெரியாது. ஆனால் தன்னை ஒருவரும் மறக்கவில்லை என்று அண்ணனுக்குத் தெரியும்" என்றாள் லியா.

அந்த ஞாயிறு தந்தியை வாசிக்கப் போதகர் ரஞ்சினியை அழைத்தார். தலை நிமிர்ந்து நடந்துபோய், கடைசி வாங்குவரை கேட்கும்படி வாசித்தாள். சபை முழுவதும் எழுந்து நின்றது.

புதிதாக வந்திருந்த ஒருவர் அது யாரென்று அரியரத்தினத்திடம் மெதுவாகக் கேட்டார்.

"மை வைஃப்" என்று உரக்கவே சொன்னார் அவர்.