சாண் நீளப் பச்சைக் கம்பி

1

இந்தக் கதை எனக்கு ஒரு தக்காளிச் செடியிலிருந்து கிடைத்தது. மறைக்க ஒன்றுமில்லை. அடுத்த வீட்டு வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பது என் பழக்கம். தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காவிட்டாலும் சொல்வார்கள். ஜூன் மாதக் குளிரில் (எங்கள் ஊரில் அதுதான் குளிர்காலம்) ஒரு காலை, லொம்பேயின் கொல்லையில் மற்ற செடிகளெல்லாம் கிழிந்த சித்தெங்கேத் துணியால் குச்சியோடு கட்டப்பட்டிருக்க, ஒன்று மட்டும் பச்சைக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. சாண் நீளம். இரண்டு முனையிலும் பல் வைத்த கவ்வி.

அந்தக் கம்பி எனக்குத் தெரிந்த கம்பி. அமில ஆலையின் ஸ்டோரில் சுருளிலிருந்து அதை வெட்டிக் கொடுத்தவளே நான்தான். ஆலையில் ஒவ்வொரு இன்ஸ்ட்ருமெண்ட் மெக்கானிக்குக்கும் ஒரு நிறம். ஏதாவது சுவிட்ச் தகராறு செய்தால், பேனலில் அதன் இரண்டு முனைகளையும் தன் கம்பியால் இணைத்துவிடுவான். சுவிட்ச் இருக்கும், ஆனால் இல்லாத மாதிரி. எவன் இணைத்தான், எவன் கழற்ற வேண்டும் என்பதை நிறமே சொல்லிவிடும். ஆலை முழுவதற்கும் பச்சை லொம்பே ஒருவனுக்குத்தான்.

அது பேனலில் இருக்க வேண்டும், அல்லது அவன் சட்டைப் பையில். தக்காளியில் அதற்கு என்ன வேலை?

அதற்கு ஒன்பது நாள் முன்புதான் அமிலத் தொட்டி விபத்தில் கண்ட்ரோல் ரூம் கபாசா செத்துப்போயிருந்தார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“லொம்பே நல்லவன்.”

அடித்துவிட்டேன். ஒருவனை நல்லவன் என்று ஆரம்பித்தால், எந்தப் பக்கத்தில் குட்டு வெளிப்படும் என்று நீங்கள் கத்தியைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

பிறகு:

“கண்ட்ரோல் ரூம் திரையில் தொட்டியின் அளவு அறுபத்திரண்டு சதவீதத்தில் நின்றது. நின்றது என்றால்”

இதை வைத்துக்கொள்கிறேன். நின்றது என்றால், அசையாமல் நின்றது. தொட்டிக்குள் அமிலம் விழுந்துகொண்டிருந்தால் மேல்பரப்பு அலையும்; திரையில் கோடும் சின்னதாக நடுங்கிக்கொண்டே போகும். அன்று காலை பதினொரு மணிக்குக் கோடு அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி போனது. மேலதிகாரிகளுக்கு அப்படிப்பட்ட கோடு ரொம்பப் பிடிக்கும். இருபத்தோரு வருஷம் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்த கபாசாவுக்குப் பிடிக்கவில்லை.

“இது செத்த கோடுடா,” என்றாராம் பக்கத்து நாற்காலிக்காரனிடம். “அளவு காட்டுற மானி தூங்குது. நான் ஏறிப் பாத்துட்டு வரேன்.”

“அதுவரைக்கும் பம்ப்ப நிறுத்திடவா?”

“நிறுத்தினா மேனேஜர் முஷோட்டா வந்து என் தோள்ல ஏறி உக்காருவாரு. உச்சியில சுவிட்ச் இருக்குல்ல? நிரம்பினா அதுவே நிறுத்திடும்.”

மானிக்குப் போகும் குழாயில் தொட்டியின் அடிச்சேறு அடைத்திருந்தது. அது காலையில் கண்ட அளவையே சொல்லிக்கொண்டிருந்தது. உச்சியிலிருந்த சுவிட்ச், பாவம், அன்றைக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அது சொன்னது பம்ப்புக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் ஒரு பச்சைக் கம்பி இருந்தது.

கபாசா ஏணியில் பாதி ஏறியபோது தொட்டி வழிந்தது.

(இதற்கு மேலும் ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். மருத்துவமனையில் அவரைப் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. யார் எதைக் கேட்டாலும் சொல்கிற என் வாய், அதை மட்டும் சொல்லாது.)

3

இனி லொம்பேயின் தலைக்குள் போகிறேன். அனுமதி கேட்கவில்லை.

சங்கு ஊதியதும் எல்லோரும் தொட்டிப் பக்கம் ஓட, அவன் கால் மட்டும் பேனல் அறைக்கு ஓடியது. கதவைத் திறந்தான். கம்பி அங்கேயே இருந்தது, வைத்த இடத்தில், வைத்த மாதிரி. நாற்பத்தேழு நாளாக.

ஒரு நாளைக்கு என்றுதான் வைத்தான். அமில ஆவி பட்டுப் பட்டு, தொட்டி பாதி காலியாக இருக்கும்போதே சுவிட்ச் பம்ப்பை நிறுத்தத் தொடங்கியிருந்தது. ஒரு ஷிப்ட்டுக்கு நாலு முறை. மேனேஜர் முஷோட்டா அவனைக் கூப்பிட்டுச் சொன்னார்: “பம்ப் நிக்கக் கூடாது லொம்பே. எப்படிங்கிறது உன் வேலை. எங்கிட்ட சொல்லாத.” அவன் கம்பியைப் போட்டான். இப்படிப் போட்ட கம்பிகளைப் பதிகிற பைபாஸ் புத்தகத்தில் எழுதினான். ஸ்டோரில் புது சுவிட்ச் கேட்டான். கம்பி இருக்கிறவரை திங்கட்கிழமைதோறும் அந்த வரியைப் புதுப்பித்து எழுத வேண்டும். எழுதினான்.

நாலாவது திங்களோடு புத்தகம் தீர்ந்தது. புதுப் புத்தகத்துக்கு அட்டை போட்டு, கோடு கிழித்து, தேதி எழுதியவனும் லொம்பேதான். அவன் கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். பழைய புத்தகத்தில் முடியாமல் நின்ற வரிகளை மட்டும் புதியதில் ஏற்ற மறந்தான். அடுத்த திங்களன்று புத்தகத்தைத் திறந்தான், வெள்ளைப் பக்கம். புதுப்பிக்க ஒன்றுமில்லை. புத்தகத்தில் இல்லாத கம்பி ஆலையிலும் இல்லை. சுவிட்ச் வந்ததா என்று ஸ்டோரில் கேட்பதை மட்டும் அவன் விடவில்லை. வாய்க்கு நினைவிருந்தது, கைக்கு மறந்துவிட்டது.

இப்போது இரண்டு கவ்விகளையும் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதன் பிறகுதான் தொட்டிப் பக்கம் ஓடினான். அன்றிலிருந்து அவன் தட்டில் ன்ஷிமாச் சோளக்களி பாதிக்கு மேல் மிஞ்சியது. (இது ஊகமில்லை. வேலிக்கு மேலிருந்து தட்டைப் பார்த்தேன்.)

ஒரு சந்தேகம். அவன் ஏன் கம்பியைக் கஃபூவே ஆற்றில் எறியவில்லை? இந்தக் கதையின் ஒரு வரைவில் எறிய வைத்துப் பார்த்தேன். பாலம்வரை போனான், நின்றான், திரும்பி வந்துவிட்டான். நான் எழுதியும் கேட்கவில்லை. யாராவது பார்க்கட்டும் என்றுதான் செடியில் கட்டினான் என்று நினைக்கிறேன். அந்தக் கொல்லையைப் பார்க்கிற யாராவது என்றால், அது யார் என்று அவனுக்குத் தெரியாதா?

4

துக்க வீட்டில் ஆண்கள் வெளியே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள், பெண்கள் உள்ளே பாயில். கபாசாவின் மனைவியை மூத்த பிள்ளையின் பெயரை வைத்துக் கலபா அம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவள் லொம்பேயை வாசலுக்கு அழைத்தாள். கையில் ஆலையிலிருந்து வந்த தாள். நான் தண்ணீர்க் குடம் எடுக்கிற சாக்கில் பக்கத்தில் நின்றேன்.

“லொம்பே, இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சியா? அனுமதி இல்லாம ஏறினாராம். மொகக் கவசம் போடலயாம். தூக்கக் கலக்கத்துல இருந்திருக்கலாமாம்.”

“படிச்சேன், கலபா அம்மா.”

“அவரு தூங்குற ஆளா? வீட்டுல ஃப்ரிட்ஜ் சத்தம் மாறினாலே எந்திரிச்சுப் போய்க் கதவத் தொறந்து பாப்பாரு. என் பிள்ளைங்க இதப் படிச்சுட்டு வளரணுமா? அப்பன் தூங்கிச் செத்தான்னு?”

லொம்பே தாளை வாங்கி, மடித்து, அவள் கையிலேயே வைத்தான்.

உள்ளேயிருந்து கபாசாவின் அக்கா குரல் கொடுத்தாள்: “அவங்கிட்ட என்னம்மா கேக்குற? மானிக்கும் சுவிட்ச்சுக்கும் மாசாமாசம் சம்பளம் வாங்குறவனுங்க நாலு பேரு. நாலு வாயிலயும் கபெண்டா மீனை அடைச்சு வச்சிருக்கானுங்க.”

யாரோ சிரித்தார்கள். துக்க வீட்டில் அப்படிச் சிரிப்பு வரும், வந்த வேகத்தில் செத்துப்போகும்.

5

முடிவுகள்.

அ) லொம்பே வாய் திறக்கவில்லை. கபாசா தூங்கியதாகவே தாளில் நின்றது. தக்காளி பழுத்தது. (நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே எனக்குப் பிடிக்கவில்லை.)

ஆ) முஷோட்டா விசாரணையில் எழுந்து நின்று, “பம்ப் நிற்கக் கூடாது என்று சொன்னது நான்தான்,” என்று கண்ணீர் (போதும். எழுதுகிற எனக்கே சிரிப்பு வருகிறது.)

இ) இதை நான் எழுதவில்லை. நேற்று நடந்தது.

லொம்பே செடியிலிருந்து கம்பியை அவிழ்த்தான். செடி சாய்ந்தது. திரும்பாமலே பேசினான்:

“எட்டிப் பாத்தது போதும் ஸ்டோர் அக்கா. கிட்ட வாங்க.”

“நான் துணி எடுக்க வந்தேன்.”

“கொடியில துணியே இல்லயே.”

வேலியோரம் போனேன்.

“நாளைக்கு ஒம்பது மணிக்கு விசாரணை. இதக் கொண்டுபோய் மேஜை மேல வைக்கப்போறேன்.”

“வேலை போயிடும்டா. ஜெயில்கூட...”

“கபாசா அண்ணன் தூங்கல அக்கா. என்னை நம்பித்தான் ஏறினாரு.” கம்பியை விரலில் சுற்றினான், அவிழ்த்தான். “உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு. திங்கக்கிழமையானா வந்து சுவிட்ச் வந்துச்சான்னு கேட்டேன்ல? வரலன்னு சொன்னீங்கல்ல? அத மட்டும் வந்து சொல்லுங்க. நான் போட்டுட்டு அப்படியே சும்மா இருந்துடலன்னு கலபா அம்மாவுக்குத் தெரியட்டும்.”

“சொல்றேன்,” என்றேன்.

6

கதையை இங்கே நிறுத்தியிருப்பேன். நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் இதுவரை இந்தக் கதையில் ஒரு ஆளை மட்டும் நான் சந்தேகிக்கவே இல்லை.

கபாசா செத்த மூன்றாம் நாள் ஸ்டோரில் சரக்கெல்லாம் சரிபார்க்கச் சொன்னார்கள். என் மேஜைக்கு அடியில் ஒரு அட்டைப்பெட்டி. பம்ப் சாமான்களோடு சேர்ந்து வந்தது. மேலே ‘பம்ப் உதிரி’ என்று ஒட்டியிருந்தது. சிமெண்ட் தரை குளிர்கிறதே என்று அதைக் கால்பலகையாக வைத்திருந்தேன். யார் வீட்டில் யார் யாரோடு பேசவில்லை என்பதையெல்லாம் அதன் மேல் கால் போட்டுக்கொண்டுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரித்தேன்.

உள்ளே சுவிட்ச். புத்தம் புதிது. சாவுக்கு முப்பத்தோரு நாள் முன்பு வந்தது.

அதற்குப் பிறகும் லொம்பே நாலு திங்கட்கிழமை வந்தான். “வந்துச்சா அக்கா?” “வரலடா.” நான் எழுந்திருக்கவே இல்லை. அவன் நின்ற இடத்துக்கும் சுவிட்ச்சுக்கும் நடுவே இரண்டடி, ஒரு மேஜைப் பலகை, என் கால்.

தெருவில் எவள் என்ன குழம்பு வைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். என் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

பெட்டியைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தீர்ந்துபோன பைபாஸ் புத்தகத்தையும்தான். பழைய புத்தகங்கள் என் அலமாரிக்குத்தான் வரும். அதில் நாலு இடத்தில் லொம்பேயின் முத்து எழுத்தில் இருக்கிறது: “புது சுவிட்ச் கேட்டாயிற்று. ஸ்டோர்: இல்லை.”

லொம்பே பிடுங்கிப் பைக்குள் போட்டது ஒரு கம்பியை. நான் ஒரு மூட்டையே கட்டிவிட்டேன்.

7

இப்போது காலை ஏழரை. இந்தத் தெருவில் எல்லோர் வீட்டுக் கதைக்கும் முடிவு சொன்னவள் நான். கல்யாணம் நிற்கும் என்பேன், நிற்கும். இதற்கு மட்டும் முடிவை நீங்கள்தான் போட வேண்டும். சுவிட்ச் வரவில்லை என்று சொன்னால் யாருக்கும் தெரியப்போவதில்லை. லொம்பேகூட எனக்கு நன்றி சொல்வான். அந்த நன்றியை நான் எங்கே வைத்துக்கொள்வது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிறான்.

“அக்கா, பஸ் வந்துரும். எடுத்துட்டு வர்றதுக்கு ஏதும் இல்லல்ல? சும்மா வாங்க, போதும்.”

தரை குளிர்கிறது. இதை எழுதும்போதும் என் கால் இரண்டும் பெட்டியின் மேல்தான் இருக்கின்றன. எழுந்திருக்க வேண்டுமானால் முதலில் காலை எடுக்க வேண்டும்.

“வரேன்டா,” என்று சொல்லிவிட்டேன். நான்