பெண்கள் பக்கத்து வாங்கு

எல்லா வினையும் சங்கக் கூட்டத்தைக் கோயிலுக்குள் வைத்ததில் தொடங்கியது. கொழும்புத்துறை மீன்பிடிச் சங்க மண்டபத்தில் தீவுகளிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் அடுப்பு மூட்டியிருந்ததால், பங்குச் சுவாமியார் கத்தோலிக்கக் கோயிலைத் திறந்துவிட்டார். பூசைக்கு இருப்பது போலவே ஆண்கள் வலப்பக்கத்து நீள இருக்கைகளான வாங்குகளிலும், வேடிக்கை பார்க்க வந்த பெண்கள் இடப்பக்கத்திலும் இருந்தார்கள்.

லூர்த்தம்மா மட்டும் வேடிக்கை பார்க்க வரவில்லை. அவள் புருஷன் செபநாயகம் போன வருஷம் கடலோடு போய்விட்டான். ஆழமில்லாத களப்புக் கடலில் தடி நட்டு வலை கட்டி மீனை மடக்கும் களங்கட்டி இடங்களை, வருஷாவருஷம் திருவுளச்சீட்டுப் போட்டுத்தான் உறுப்பினர்களுக்குப் பிரிப்பார்கள். சங்கத்தின் சட்டவிதியான யாப்பின்படி உறுப்பினர் என்றால் ஆண்தான். இந்த வருஷச் சீட்டு இன்றைக்கு. அவள் பெயர் அதில் இல்லையென்றால் செபநாயகத்தின் பங்கு அவன் தமையன் அடைக்கலநாதனுக்குப் போய்விடும். பிறகு பிள்ளைகளுக்குக் கஞ்சிக்கு எங்கே போவாள்?

"ஆணும் பெண்ணும் சமமெண்டு எங்கடை யாப்பைத் திருத்தவேணும்," என்று செயலாளர் கனிசியஸ் பிரேரித்தார்.

சங்கத் தலைவர், வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சிமியோன் சம்மாட்டி வயிறு குலுங்கச் சிரித்தார். "என்னத்துக்கு அதை எழுதுறது? எங்கடை பொம்பிளையளை நாங்கள் எப்ப குறைச்சு நடத்தினனாங்கள்? அவையள் கேட்டு இல்லையெண்டு சொன்னனாங்களோ?"

"அதுதானே!" என்று ஆண்கள் தலையாட்டினார்கள்.

விடுவாளா லூர்த்தம்மா? சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினாள்.

"அப்ப சரி அண்ணை, எழுத வேண்டாம். இப்ப கேக்கிறன். என்ரை பேரைச் சீட்டிலை போடுங்கோ."

சம்மாட்டி திருதிருவென்று முழித்தார். "அதெப்படிப் பிள்ளை? யாப்பிலை இடமில்லையே!"

கொல்லென்று சிரிப்பு எழுந்தது, அதுவும் ஆண்கள் பக்கத்திலிருந்து! மனுஷன் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டார். வந்ததே கோபம்.

"கை தூக்கிற விளையாட்டு வேண்டாம். திருத்தம் வேணுமெண்டிறவன் போய்ப் பொம்பிளையளின்ரை வாங்கிலை இருக்கட்டும். மூண்டிலை ரெண்டு பங்கு ஆள் வேணும். பாப்பம்!"

கள்ளமனுஷன்! ஞானஸ்நானம் பெற்ற நாளிலிருந்து எந்த ஆம்பிளை அந்தப் பக்கம் இருந்திருக்கிறான்? கனிசியஸ் மட்டும் காது சிவக்கப் போய் இருந்தார். வேறு ஒருவரும் அசையவில்லை.

அப்போது, தம்பியின் பங்கு தனக்கே வரவிருந்த அடைக்கலநாதன் எழும்பினான். ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கும் நாலு பொம்பிளைப் பிள்ளையள்," என்றான் அவன் நடுவழியில் நின்று. "நாளைக்கு நானும் கடலோடை போனால், அதுகளும் உங்களிட்டை வந்து கெஞ்சவோ?"

சொல்லிவிட்டு லூர்த்தம்மாவின் வாங்கிலேயே போய்க் குந்தினான். அவ்வளவுதான், வலப்பக்க வாங்குகள் கடகடவென்று ஆடின. "தள்ளியிரு!", "இடம் விடடா!" என்று ஆண்கள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். கனிசியஸ் எண்ணியவர், சந்தேகத்தில் மறுபடியும் எண்ணி, "நிறைவேறீட்டுது!" என்று கத்தினார். அடைக்கலநாதனின் மனுஷி கத்தரீனா ஓடிவந்து லூர்த்தம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள்.

லூர்த்தம்மா இருக்கத் திரும்பினால் இருந்த இடத்தில் இடமில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நடுவழியைக் கடந்துபோய், வலப்பக்கத்து முன்வாங்கில், சம்மாட்டிக்கு நேரே இருந்தாள்.

"அங்கை நெருக்கமாக் கிடக்கு அண்ணை," என்றாள். "நீங்கள் சீட்டைக் குலுக்குங்கோ."