பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட தேதி

வழக்கறிஞர் பதிவு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. வேறு தொழிலோ பணியோ செய்கிறீர்களா என்று கேட்டது. ‘இல்லை’ என்று எழுதியிருந்தால் யாரும் தோண்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அருட்தந்தை செந்தமிழன் ‘கத்தோலிக்கக் குரு, பங்குத்தந்தை’ என்று எழுதினார். கூட விண்ணப்பித்தவர்கள் கறுப்புக் கோட்டு மாட்டி உறுதிமொழி எடுத்த நாளில் அவருடைய கோப்பு மட்டும் தனியாக எடுத்து வைக்கப்பட்டது. பதிவுக்குழு முன்னால் வந்து விளக்கம் தர வேண்டும் என்று கடிதம் வந்தது.

பங்கு மக்களில் அவருடைய பதிவை அவரைவிட அதிகமாக எதிர்பார்த்தவர் காந்திமதி. ஞாயிறு பூசை முடிந்ததும் வாசலில் நின்று, “கோட்டு எப்ப ஃபாதர் வரும்?” என்று கேட்பார். தையல்காரரிடம் கொடுத்திருக்கும் துணியைப் பற்றிக் கேட்பது போலத்தான் கேட்பார்.

கோயில் மதிலுக்கு அந்தப் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை. அங்கே தகடுகளை அழுத்தி வடிக்கும் பெரிய பிரஸ் ஓடும்போது பீடத்தின் தரை லேசாக அதிரும். காந்திமதியின் மகள் ஜாஸ்மின் அந்த பிரஸ்ஸில்தான் செத்துப்போனாள். இருபத்திரண்டு வயது, ஒப்பந்தத் தொழிலாளி. மெஷினுக்கு முன்னால் ஒரு சென்சார் இருக்கும். கையோ தலையோ குறுக்கே வந்தால் பிரஸ் நின்றுவிட வேண்டும். அன்று நிற்கவில்லை. சென்சார் ஒழுங்காக வேலை செய்தது, பக்கவாட்டுக் கதவைத் திறந்து உள்ளே குனிந்தது அவள்தான், ‘சொந்தக் கவனக்குறைவு’ என்று நிர்வாகம் அறிக்கை எழுதியது. அந்த இரண்டு சொற்கள் இருக்கும் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டேன் என்று காந்திமதி சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது அந்த இரண்டு சொற்களும் அடிபட வேண்டும் என்பதுதான்.

செந்தமிழன் ஆயரின் அனுமதியோடு மூன்று வருடம் சட்டம் படித்தவர். படிப்பு முடியட்டும், இந்த வழக்கை நானே நடத்துகிறேன் என்று ஜாஸ்மினின் அடக்கப் பூசையன்றே காந்திமதியிடம் சொல்லியிருந்தார்.

விண்ணப்பம் அனுப்புவதற்கு முன்பு, கடைசித் தேர்வு எழுதி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை, பூசைக்கு முன்னால், பாவ அறிக்கை கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அவர் உட்கார்ந்திருந்தார். நான்கைந்து பேர் வந்து போனார்கள். கடைசியாக ஒருவர் வந்து மரச்சல்லடைக்கு அந்தப் பக்கம் முழந்தாளிட்டார். மெஷின் எண்ணெய் வாடை முதலில் வந்தது, பிறகு குரல். மெயின்டனன்ஸில் வேலை என்றார். சென்சாருக்குக் குறுக்கே ஒரு சின்ன ஒயரைப் போட்டுவிட்டால் கை உள்ளே போனாலும் மெஷின் நிற்காது, டார்கெட் ஏறும் என்றார். போடச் சொன்னார்கள், போட்டேன் என்றார். அந்தப் பெண்ணை வெளியே எடுப்பதற்கு முன்னாலேயே கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன் என்றார்.

அப்போது செந்தமிழன் ஒரு கேள்வி கேட்டார்.

“ஒயர் போட்டது எந்தத் தேதி?”

பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

“சொன்னது யாரு? ரிஜிஸ்டர்ல ஏத்துனீங்களா? கூட யாராவது இருந்தாங்களா?”

கேட்டு முடித்த பிறகுதான் தன் குரல் அவர் காதில் விழுந்தது. அது குருவின் குரலாக இல்லை. முட்டிக்கால் தரையிலிருந்து எழும் சத்தம் கேட்டது. “அது வந்து சாமி…” என்று மட்டும் சொன்னார் அந்த மனிதர். பிறகு செருப்புச் சத்தம் வாசல் வரை போய் நின்றது. மன்னிப்பின் வார்த்தைகளை அவர் பெற்றுக்கொள்ளவில்லை. அந்த வார்த்தைகள் செந்தமிழனின் வாயிலேயே தங்கிவிட்டன.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லாமலிருந்தால் மட்டும் போதாது, அதை எதற்கும் பயன்படுத்தவும் கூடாது. இதை அவர் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தார். அந்த சனிக்கிழமைக்குப் பிறகு அது வேறு மாதிரி தெரிந்தது. வழக்குக் காகிதங்களைப் புரட்டினால், பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பொய்க்கும் பதில் “அது வந்து சாமி” என்று தொடங்கியது. பூசையில் அப்பத்தை உயர்த்திப் பிடித்திருக்கும் நேரத்தில் மதிலுக்கு அப்பால் பிரஸ் இடிக்கும். இரண்டு இடிக்கு நடுவில் கொஞ்சம் தாமதமானால் அவர் கைகள் அப்படியே நின்றுவிடும். அடுத்த இடி கேட்ட பிறகுதான் ஜெபம் தொடரும். சாமிக்கு வயசாவுது என்று பாடகர் குழுவில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு நாற்பத்தொன்றுதான்.

பதிவுக்குழு கூடிய அறைக்கு வெளியே ஒரு குமாஸ்தா அவருடைய கழுத்துப்பட்டையைப் பார்த்துச் சிரித்தார். “உங்களுக்கு வக்கீலு வெள்ளப் பட்டி தனியா வாங்கத் தேவையில்ல ஃபாதர். பாவ மன்னிப்பும் நீங்களே, ஜாமீனும் நீங்களே.”

உள்ளே மூன்று பேர். முதலில் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார்கள். மறைமாவட்டம் தருவது சம்பளம் இல்லை, சாப்பாட்டுக்கும் துணிமணிக்குமான படி என்றார். ஆயருக்குக் கீழ்ப்படியும் ஒருவர் வழக்குக் கொண்டுவரும் கட்சிக்காரருக்கு எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று இன்னொருவர் கேட்டார். அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. குருவாக இருப்பவர் வழக்கறிஞராகக் கூடாது என்று எந்த விதியும் சொல்லவில்லை, தடையில்லாத இடத்தில் தடையை ஊகிக்கக் கூடாது என்று ஒன்பது பக்கம் எழுதிக் கொண்டு போயிருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார்.

நடுவில் உட்கார்ந்திருந்த மூத்த உறுப்பினர் சண்முகசுந்தரம் அந்த ஒன்பது பக்கத்தையும் மூடி வைத்தார்.

“விதிய வுடுங்க சாமி. ஒருத்தன் உங்ககிட்ட வந்து ஒண்ணச் சொல்லிட்டுப் போறான். அடுத்த வாரம் அவனுக்கு எதிரா ஒருத்தர் உங்ககிட்ட கேஸ் கொண்டாறாரு. என்ன பண்ணுவீங்க?”

சும்மா கேட்ட கேள்விதான். செந்தமிழனுக்கு எண்ணெய் வாடை அடித்தது.

“சொல்ல மாட்டேன். பயன்படுத்தவும் மாட்டேன்.”

“தெரிஞ்சத வெச்சிகினு கேள்வி கேக்காம எப்படி இருப்பீங்க? வக்கீல் மூளை அது.”

“அந்த வழக்கை எடுக்க மாட்டேன்.”

“ஏன்னு கட்சிக்காரர் கேட்டா?”

“காரணம் சொல்ல முடியாது. சொன்னா, யாரோ ஒருத்தர் வந்து போனாருன்னு ஆயிடும்.”

சண்முகசுந்தரம் மூடிய காகிதங்களை ஓரமாகத் தள்ளினார். பிறகு பக்கத்திலிருந்தவர்களிடம் மெதுவாக ஏதோ சொன்னார். பதிலில் தெளிவு இருக்கிறது, பதிவு செய்யலாம் என்று முடிவானது. குமாஸ்தா வந்து கை கொடுத்தார். வழக்கறிஞராகலாம் என்று அவர்கள் சொன்ன அதே பதிலில், எதற்காக வழக்கறிஞராக நினைத்தாரோ அந்த வழக்கைக் கைவிட்டுவிட்டோம் என்பது செந்தமிழனுக்குப் படியில் இறங்கும்போதுதான் உறைத்தது. அதுவரை அவர் அப்படி ஒரு முடிவு எடுத்திருக்கவில்லை.

காந்திமதி வக்காலத்துப் படிவத்தில் முன்பே கையெழுத்துப் போட்டு, ஜாஸ்மினின் போட்டோ இருந்த கவரிலேயே வைத்திருந்தார். செந்தமிழன் விஷயத்தைச் சொன்னபோது அவர் அழவில்லை.

“கம்பெனிக்காரன் பேசிட்டானா ஃபாதர்?”

“இல்லம்மா.”

“பிஷப்பு வேணான்னாரா?”

“இல்ல.”

“அப்ப இன்னாதான் ஃபாதர்?”

காந்திமதி கவரை முந்தானையில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். கூடச் சட்டம் படித்த வேல்விழியிடம் அழைத்துப் போகிறேன், படப்பையில் இருக்கிறாள், நேர்மையானவள், கெட்டிக்காரி என்று செந்தமிழன் சொன்னார். எல்லாம் உண்மைதான். ஆனால் அவளிடம் கோப்பைக் கொடுத்தபோது எந்தப் பக்கத்தையும் அவர் மடித்துக் காட்டவில்லை. மெயின்டனன்ஸ் ரிஜிஸ்டரைக் கேட்டு வாங்கு என்று சொல்லவில்லை. சட்டம் படித்திருந்த யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான் அது. தனக்குத் தானாகத் தோன்றியதா, சல்லடை வழியாக வந்ததா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்றத்தில் நிர்வாகத் தரப்புச் சாட்சியை விசாரித்தார்கள். கூட வந்து உட்காருங்கள், அது போதும் என்று காந்திமதி கேட்டிருந்தார். செந்தமிழன் கோட்டு இல்லாமல் அங்கியில் போய், வேல்விழிக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

நீதிமன்ற டவாலி ‘வசந்தகுமார்’ என்று கூப்பிட்டார். மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். கூண்டில் ஏறிய மனிதர் பெயரும் ஊரும் சொன்ன குரலிலேயே, சல்லடைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இவர்தான் என்று செந்தமிழனுக்கு உறுதியானது. முன்பு பூசையில் பார்த்ததைவிட மெலிந்திருந்தார். அன்று காலையில் சென்சாரைத் தானே சோதித்ததாகவும் அது சரியாக இருந்ததாகவும் எழுதிக் கொடுத்ததை ஒப்புவித்தார். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் கண் பெஞ்சுக்கு வந்தது.

வேல்விழி நன்றாகத்தான் விசாரித்தாள். பயிற்சி பற்றிக் கேட்டாள். ஓ.டி. எத்தனை மணி நேரம் என்று கேட்டாள். பக்கவாட்டுக் கதவுக்கு ஏன் பூட்டு இல்லை என்று கேட்டாள். வசந்தகுமார் எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார். தேதியை அவள் கேட்கவில்லை. ஒயர் என்ற சொல் அந்த அறையில் வரவே இல்லை. காகிதங்களை அடுக்கிக்கொண்டு அவள் பின்னால் சாய்ந்தாள்.

“வேற ஏதாவது கேக்கணுமா ஃபாதர்?”

காந்திமதி அவர் முகத்தைப் பார்த்தார். கூண்டிலிருந்தவரும் பார்த்தார். மூன்று பேரும் ஒரே விஷயத்துக்காகக் காத்திருப்பது போல இருந்தது. ஆனால் அது என்னவென்று அவர்களில் ஒருவருக்குத்தான் தெரியும்.

செந்தமிழன் தலையை இடவலமாக ஆட்டினார்.

விசாரணை முடிந்தது என்றார்கள். வசந்தகுமார் இறங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் பெஞ்சைக் கடந்து வெளியே போனார். வெளியே கம்பெனி வேன் தயாராக நின்றது.

“அந்த ஆளு உங்களையே பாத்துகினு இருந்தாரு ஃபாதர்” என்றார் காந்திமதி. “தெரிஞ்சவரா?”

“நம்ம பங்குக்காரர்தான்மா.”

காந்திமதி வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“நான் வாராவாரம் கோயிலுக்கு வர்றேனே. ரொம்ப நாளா அவர நான் அங்க பாக்கலியே ஃபாதர்.”