மேட்டில் வந்த நீலப் புகை

எதிர்வீட்டு ஹால்வாரும் அவர் மனைவி ஸிவ்வும் நாற்பது வருடமாக ஒரே விஷயத்துக்குத்தான் சண்டை போடுகிறார்கள்: யார் கார் உசத்தி. அவரிடம் இருப்பது அறுபத்து நான்காம் வருடத்து ஸாப் கார். அவளிடம் எண்பத்தைந்தாம் வருடத்து ஸாப். இரண்டும் எங்கள் ஊர் ட்ரோல்ஹெட்டன் தொழிற்சாலையில் பிறந்தவைதான். பழையதற்குப் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும். சோளம் பொரிவது போலச் சத்தம் போடும், இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் தன்பாட்டுக்கு உருண்டோடும். அவளுடையதற்கு இந்தச் சீராட்டல் எதுவும் வேண்டாம். குளிரில் இருக்கைகூடச் சூடாகும். பேருந்தில் போகிற எனக்கு இரண்டும் தகரம்தான்.

குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் கொட்டிய உப்பை மழை கழுவியதும், முதல் சனிக்கிழமை மேட்டுத் தேவாலயம் வரை இரண்டுக்கும் போட்டி. நடுவர் நான். இந்த முறை ஸிவ் பக்கத்தில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்: ஹால்வாரின் மறதி கைப்பழக்கமான வேலைகளையும் தொட்டுவிட்டால் அவரை ஓட்ட விடக் கூடாது. சாவியைப் பிடுங்கினால் மனிதர் உடைந்துபோவார் என்று அவளுக்குப் பயம்.

பாதி மேட்டில் எங்கள் வண்டி நீலமாகப் புகை கக்கியது. ஸிவ் ஓரங்கட்டி, பின்னால் போய் முகர்ந்தாள்.

"எண்ணெய்," என்றாள். "காலைல ரெண்டுக்கும் ஹால்வார்தான் பெட்ரோல் போட்டான். இதுலயும் ஊத்தியிருக்கான்."

"வண்டி போச்சா?"

"டேங்கைக் காலி பண்ணா சரியாயிடும்." ஹால்வார் போன திசையைப் பார்த்தாள். "வண்டி சரியாயிடும்."

முன்னால் போயிருந்த ஹால்வார் திரும்பி வந்து இறங்கினார். வாயெல்லாம் பல்.

"என்ன ஸிவ், உன் சீமாட்டிக்கு மூச்சு வாங்குதா? நாப்பது வருஷமா என்னமா பீத்திக்கிட்டே."

எண்ணெய் ஊற்றியது அவருக்கு நினைவிலேயே இல்லை. நான் வாயைத் திறந்தேன். ஸிவ் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"எஞ்சின் போச்சு, வித்துடலாம்," என்றாள் அவரிடம். "நீதான் ஜெயிச்சே."

"ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன். இனிமே நமக்கு உன் வண்டி ஒண்ணு போதும். ஆனா ஓட்டுறது நான். இத்தனை வருஷம் திட்டுனதை நானே ஓட்டிப் பாக்கணும்ல."

தோற்றவளிடம் கொஞ்சம் தாராளமாக இருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, சாவியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் ஏறினார். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த கியரைத் தேடி இழுத்தாள். கடமுட என்றது.

"மெதுவா. இது உன் பொம்மை வண்டி இல்ல," என்றார் ஹால்வார், பரம சந்தோஷமாக.

"சொல்லிக்குடு," என்றாள் ஸிவ்.

வண்டி நகர்ந்தது. ஓரமாக நின்ற தன் வண்டியை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.